இத்தாலிய உணவகத்தில் ஒரு வேளை உணவு: புதுச்சேரி, கடலூர்க் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பாஸ்தா அடுப்பிலிருந்து இறங்கி மேசைக்கு வந்த பிறகு, அது நல்ல சுவையோடு இருக்கும் காலம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். பீட்சாவுக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். அரிசியைச் சாற்றில் கிளறி வேகவைக்கும் ரிசோட்டோவுக்கு அந்த ஐந்து நிமிடம்கூடக் கிடையாது. இந்த மூன்று கணக்குகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், இத்தாலிய உணவகத்துக்கு எப்போது செல்வது, எங்கே உட்காருவது, எதை முதலில் சொல்வது, எத்தனை தட்டு வாங்குவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே கிடைத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அம்மா, அத்தை, மாமா, தங்கை, நான் என ஐந்து பேர் புதுச்சேரிக்குச் சென்று, ஒரு சிறிய இத்தாலிய உணவகத்தில் முதன்முறையாக உட்கார்ந்தோம். நம்மூர் ஓட்டலில் சொல்லிப் பழகிய விதத்திலேயே இரண்டு பீட்சா, மூன்று பாஸ்தா, ஒரு சாலட் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். எல்லாம் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. படம் எடுத்து, பீட்சாவைப் பங்கிட்டு, பேசிச் சிரித்து, மூன்றாவது பாஸ்தாவுக்குக் கை நீண்டபோது சாஸ் முழுவதும் வற்றி, சீஸ் இறுகி, அது ஒரே கட்டியாகக் கிடந்தது. “இதையா இவ்வளவு காசு குடுத்துச் சாப்பிடுறாங்க?” என்று அம்மா கேட்டார். குறை சமையலில் இல்லை, நாங்கள் வரவழைத்த முறையில் இருந்தது என்பது அடுத்தடுத்த முறை சென்றபோதுதான் புரிந்தது. அந்தப் பாடத்தையே கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதற்படி: நாளும் நேரமும்

சிறிய இத்தாலிய உணவகத்தில் அடுப்பு ஒன்று, பாஸ்தா போடுபவர் ஒருவர் அல்லது இருவர் என்பதே பெரும்பாலும் நிலைமை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் கூட்டம் ஒயிட் டவுன் முழுவதையும் நிறைத்துவிடுவதால், அந்த ஒரே அடுப்பின் முன் இருபது ஆர்டர்கள் காத்திருக்கும். ஆகவே செவ்வாய் முதல் வியாழன் வரையிலான ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். இரவு உணவு தொடங்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடுங்கள். வார விடுமுறை எந்த நாள் என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுவது நல்லது. புத்தாண்டு நெருங்கும் நாட்களையும், பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14ஐ ஒட்டிய நாட்களையும் முதல் அனுபவத்துக்குத் தவிர்த்துவிடலாம்.

காரில் வருவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடற்கரைச் சாலையில் மாலை முதல் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் அருகிலுள்ள வீதிகளில் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து செல்வதே நிம்மதி. கடலூரிலிருந்து பேருந்தில் வருவோர் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள்தாம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

இரண்டாம் படி: மேசையைத் தேர்ந்தெடுப்பது

முற்றத்திலும் மாடியிலும் மேசை போட்ட பழைய வீடுகள் புதுச்சேரியில் பல உணவகங்களாகியுள்ளன. மாடியில் காற்று நன்றாக வரும். ஆனால் அதே காற்று தட்டையும் விரைவில் ஆறவைத்துவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். விறகு அடுப்பு கண்ணில் படும் இடத்தில் மேசை கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். உங்கள் பீட்சா உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பிள்ளைகள் பார்க்கலாம், தட்டு வந்து சேரும் தூரமும் குறையும்.

மூன்றாம் படி: மெனு அட்டையைப் படிப்பது

பலரும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இத்தாலியில் உணவு வரிசை கொண்டது. முதலில் வருவது அன்டிபாஸ்டி எனப்படும் முன்னுணவு; அடுத்தது ப்ரிமி, அதாவது முதல் உணவு, இதில் பாஸ்தாவும் ரிசோட்டோவும் சூப்பும் அடங்கும்; அதன் பின் செகோன்டி, அதாவது இறைச்சியோ மீனோ; அதற்குத் துணையாகக் கோன்டோர்னி என்னும் காய்கறி; இறுதியில் தோல்ச்சி என்னும் இனிப்பு. பீட்சா இந்த வரிசையில் சேராதது. அங்கே பீட்சாக் கடைக்குப் போகிறவர் ஆளுக்கொன்றாக வாங்கி, அதையே முழு உணவாகச் சாப்பிடுவார். நம் மெனு அட்டைகளில் இவை அனைத்தும் ஒன்றாக இடம்பெறுவதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உண்ண வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வாழையிலையில் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை வைத்து உண்ணும் நமக்கு இந்த ஒழுங்கு புதிதன்று.

பெயர்களை உச்சரிப்பதில் தயக்கம் வேண்டாம். இத்தாலிய எழுத்துமுறையில் ‘சி’, ‘ஹெச்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வந்தால் அது ‘க’ ஒலி. ஆகவே தக்காளி வைத்த வாட்டிய ரொட்டியின் பெயர் ‘ப்ருஸ்கெட்டா’. உருளைக்கிழங்கு உருண்டைப் பாஸ்தா ‘நியோக்கி’. பட்டை நாடாவைப் போன்றது ‘தால்யதெல்லே’. சொல்லத் தெரியாவிட்டால் அட்டையில் விரலை வைத்துக் காட்டலாம். அதில் குறைவு ஏதும் இல்லை.

பீட்சாவில் முதலில் வாங்க வேண்டியது மார்கரீட்டா என்பது என் உறுதியான கருத்து. தக்காளி, மொட்சரெல்லா சீஸ், துளசியின் உறவான பேசில் இலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவை மட்டுமே இருப்பதால், மாவின் தரமும் அடுப்பின் தரமும் அதில் மறைய முடியாது. ‘மரினாரா’ என்ற பெயரைப் பார்த்துக் கடலுணவு என்று எண்ணிவிட வேண்டாம். நேப்பிள்ஸ் நகரத்து முறையில் அது தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும் கொண்ட, சீஸே இல்லாத பீட்சா. ‘பெப்பரோனி’ என்பது நம்மூரிலும் அமெரிக்காவிலும் இறைச்சி; அதே ஒலியுள்ள இத்தாலியச் சொல்லுக்குக் குடைமிளகாய் என்று பொருள். அதனால் இத்தாலியர் நடத்தும் உணவகத்தில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம்.

நேப்பிள்ஸ் முறை பீட்சா ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 நொடிகளுக்குள் வெந்துவிடும். அதனால் அதன் நடுப்பகுதி மென்மையாகவும் ஈரமாகவும், விளிம்பு உப்பிக் கரும்புள்ளிகளோடும் இருக்கும். இதை வேகவில்லை என்றும் கருகிவிட்டது என்றும் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முறையின் இலக்கணமே அதுதான். அந்நகரத்துப் பீட்சா செய்யும் கலையை யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டில் மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மொறுமொறுப்பாக வேண்டுமானால், ரோம் நகரத்து மெல்லிய பீட்சா இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாஸ்தாவில் வடிவத்தையும் சாஸையும் தனித்தனியே பாருங்கள். உலர் பாஸ்தா என்பது துரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் மட்டுமே. இத்தாலியில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் உலர் பாஸ்தாவுக்கு இந்தக் கோதுமையைக் கட்டாயமாக்கியது. அந்தக் கடினத்தன்மையால்தான் அது வெந்த பின்னும் உள்ளே சிறிது உறுதியோடு நிற்கிறது. அந்தப் பதத்துக்கு ‘அல் தென்தே’ என்று பெயர். பல்லுக்குத் தட்டுப்படும் பதம் என்று பொருள் கொள்ளலாம். சேமியா உப்புமா குழைந்துவிடக் கூடாது என்று வீட்டில் எடுக்கும் கவனமும் இதுவும் ஒன்றே.

சாஸ்களில், காரம் விரும்புவோருக்கு ‘அராபியாத்தா’. கோபம் கொண்டது என்பது அச்சொல்லின் பொருள், தக்காளியும் பூண்டும் மிளகாயும் சேர்ந்தது. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் கொண்ட ‘ஆல்யோ எ ஓல்யோ’ எளிமையானது. பூண்டு கருகாமல் பொன்னிறத்தில் நிற்பதில்தான் சமைப்பவரின் கைத்திறன் தெரியும். ஜெனோவா நகரத்தின் ‘பெஸ்தோ’ நம் துவையலுக்கு மிக நெருங்கிய உறவு: பேசில் இலை, பைன் பருப்பு, பூண்டு, சீஸ், எண்ணெய் ஆகியவற்றைக் கல்லுரலில் இடித்துச் செய்வது, இடித்தல் என்ற வினையிலிருந்தே அந்தப் பெயரும் வந்தது. பேசில் நமக்கும் தெரிந்த செடிதான், திருநீற்றுப்பச்சிலை என்கிறோம். சர்பத்தில் போடும் சப்ஜா விதை அதனுடையது. அதைப் போலவே, ஒரிகானோவை முகர்ந்து பார்த்த என் அத்தை “ஓமவல்லி வாசம் வருதே” என்றார். செடிகள் வேறானாலும் இரண்டின் மணத்துக்கும் கார்வக்ரோல் என்ற ஒரே பொருள் காரணமாக இருப்பதால், அவர் சொன்னதில் தவறில்லை.

பிள்ளைகள் விரும்பும் ‘ஒயிட் சாஸ் பாஸ்தா’ பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவும் வெண்ணெயும் பாலும் சேர்ந்த அந்தச் சாஸ், இத்தாலியில் பெரும்பாலும் லசானியா போன்று அடுக்கி வேகவைக்கும் பாஸ்தாக்களில்தான் பயன்படுகிறது. பிள்ளைகளுக்கு அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும்விட விரைவில் இறுகுவது அதுவே என்பதால், அதை முதலில் வரவழைத்து முதலில் முடித்துவிட வேண்டும்.

கடலுணவுப் பாஸ்தாவுக்கு நம் பகுதி மிகப் பொருத்தமானது. இறாலும் கணவாயும் உள்ளூர்க் கரையிலேயே கிடைக்கின்றன. இருப்பினும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் இன்று வந்த மீனா, உறைய வைத்ததா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கடலுணவுப் பாஸ்தாவின் மேல் சீஸ் தூவுவது இத்தாலியில் பொதுவாக வழக்கமில்லை, மீனின் மணத்தைச் சீஸ் மூடிவிடும் என்பதே காரணம். ஒருமுறை தூவாமல் உண்டு பாருங்கள்.

நான்காம் படி: சொல்வதற்கு முன் கேட்பது

சைவம் கடைப்பிடிப்போர் பச்சைக் குறியை மட்டும் நம்பிச் சொல்லிவிடாமல், நான்கு செய்திகளைக் கேட்டறிய வேண்டும். எங்கள் வீட்டில் புரட்டாசியிலும் வெள்ளிக்கிழமைகளிலும் இது முக்கியமாகிறது.

முதலாவது முட்டை. உலர் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இராது. உணவகத்திலேயே திரட்டிச் செய்யும் தால்யதெல்லே, ராவியோலி போன்றவற்றில் பொதுவாக இருக்கும். “தம்பி, இந்த மாவுல முட்டை போடுறீங்களா?” என்று அம்மா கேட்டபோது, பரிமாற வந்த இளைஞர் உள்ளே சென்று விசாரித்து வந்து, “போடுறாங்கம்மா, பென்னேல கிடையாது, அதைக் குடுக்கச் சொல்லட்டுமா?” என்றார். இப்படிக் கேட்பதை எந்த நல்ல உணவகமும் தொல்லையாக நினைப்பதில்லை.

இரண்டாவது சீஸ். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரளவைக்கும் உறைபொருளைக் கொண்டே செய்யப்படுகிறது. குறைந்தது 12 மாதம் முதிர வைக்கப்படுகிறது. இந்தியாவில் தயாராகும் பல சீஸ்களில் நுண்ணுயிர் வழி உறைபொருள் பயன்படுகிறது. ஆரோவில்லில் நெடுங்காலமாகவே சீஸ் தயாரிக்கப்பட்டு வருவதால், புதுச்சேரி உணவகங்களில் உள்ளூர்ச் சீஸ் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. எந்தச் சீஸ், அதன் உறையில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாமல் சேரும் அசைவம்: புத்தனேஸ்கா சாஸிலும் சீசர் சாலட்டிலும் நெத்திலி இனத்து மீன் சேர்வது வழக்கம், ரிசோட்டோவையும் சூப்பையும் கோழிச் சாற்றில் வேகவைப்பதுண்டு. ரிசோட்டோவில் வெள்ளை ஒயின் ஊற்றுவதும் வழக்கமான முறையே. கார்போனாரா என்னும் பாஸ்தாவில் முட்டையோடு பன்றி இறைச்சி சேரும் என்பதை இஸ்லாமிய நண்பர்களுடன் செல்வோர் நினைவில் வைக்க வேண்டும். நான்காவது இனிப்பு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: தவணையாகச் சொல்வது

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். ஐந்து பேர் இருந்தால், முதலில் ஒரு ப்ருஸ்கெட்டாவும் ஒரு சாலட்டும் மட்டும் சொல்லுங்கள். அவை வரும்போது ஒரு பீட்சாவைச் சொல்லுங்கள். அது பாதி முடிந்ததும் இரண்டாவதைச் சொல்லுங்கள். பாஸ்தாவை, பீட்சாத் தட்டுகள் எடுக்கப்பட்ட பிறகு, இரண்டிரண்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பரிமாறுபவர் தொடக்கத்திலேயே முழு ஆர்டரையும் கேட்டால், “எல்லாத்தையும் எழுதிக்கோங்க, ஆனா நாங்க சொன்ன பிறகு அடுத்ததைப் போடச் சொல்லுங்க” என்று தெளிவாகக் கூறிவிடுங்கள். இதனால் மொத்தத்தில் குறைவாகவே வாங்குவீர்கள் என்பது கூடுதல் நன்மை. மூன்றாவது பாஸ்தா தேவையில்லை என்பது இரண்டாவதை உண்ணும்போதே தெரிந்துவிடும்.

ரிசோட்டோ ஓர் விதிவிலக்கு. அரிசியைச் சூடான சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி வேகவைக்க ஏறத்தாழ 18 முதல் 20 நிமிடம் ஆகும் என்பதால், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால், அது பாதி வேகவைத்து எடுத்து வைத்ததாகத்தான் இருக்கும். நல்ல ரிசோட்டோ தட்டைச் சாய்த்தால் அலைபோல நகரும். நெய் விட்ட வெண்பொங்கலைவிடச் சற்று இளக்கமாக இருக்கும்.

பீட்சாவின் அளவில் ஒரு கணக்கு உதவும். விட்டத்தை வைத்து விலை சொல்வதால் நாம் ஏமாறுகிறோம். பரப்பை வைத்துப் பார்த்தால் 12 அங்குலப் பீட்சா ஒன்று, 8 அங்குலப் பீட்சா இரண்டைவிடப் பெரியது.

ஆறாம் படி: உண்ணும் முறை

தட்டு வந்ததும் ஒரு படம் போதும். பீட்சாவை நேப்பிள்ஸிலேயே கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்பவர் உண்டு, கையால் மடித்து உண்பவரும் உண்டு. ஆகவே நம் கையே போதுமானது. ஸ்பகெட்டியை நறுக்காமல், நான்கைந்து இழைகளை மட்டும் முள்கரண்டியில் எடுத்து, தட்டின் ஓரத்தில் ஊன்றிச் சுழற்றினால் ஒரு கவளம் திரளும். நிறைய எடுத்தால் அது சுழலாது. வயதானவர்களுக்கு இது சிரமம் என்றால் பென்னே, ஃபுஸில்லி போன்ற குட்டை வடிவங்களை வாங்கிக் கொடுங்கள்.

தக்காளிக் கெச்சப்பைத் தொடக்கத்திலேயே கேட்காதீர்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். அதன் இனிப்பு, சமைத்தவர் வைத்த புளிப்பை முழுவதும் அழித்துவிடும். மிளகாய்த் தூவலுக்கு அந்தத் தடை இல்லை. தென் இத்தாலியின் கலாப்ரியா மிளகாய்க்குப் பெயர்பெற்ற பகுதி.

ஏழாம் படி: இனிப்பும் காபியும்

திராமிசுவில் காபியில் நனைத்த பிஸ்கட், மஸ்கர்போனே சீஸ், பெரும்பாலும் வேகாத முட்டை, சில இடங்களில் மதுவும் சேரும். கருவுற்றோரும் சைவர்களும் கேட்டுவிட்டு உண்ண வேண்டும். பன்னா கோத்தா பாலேடாக இருந்தாலும், அதை உறையவைப்பது பொதுவாக விலங்குவழிக் கிடைக்கும் ஜெலட்டின். சந்தேகம் இருந்தால் இத்தாலிய ஐஸ்கிரீமான ஜெலாத்தோ பாதுகாப்பானது, ஆனால் அதிலும் முட்டை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்பிரெஸ்ஸோ ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான் இருக்கும். பால் கலந்த கப்புச்சினோ இத்தாலியில் காலைக்கு உரியது. டிகிரி காபிக்குப் பழகிய நம் நாக்குக்குக் கப்புச்சினோ இரவிலும் இதமாக இருப்பதால், இந்த விதியை நான் பின்பற்றுவதில்லை.

எட்டாம் படி: பில்லைச் சரிபார்ப்பது

சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி மொத்தம் 5 சதவீதம். மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டு வரிகளாக அச்சாகியிருக்கும். மது வாங்கியிருந்தால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, தனி வரி. சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை பில்லில் இருந்தால், அது அரசு வரியன்று. உணவகங்கள் அதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நீக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உள்ளே ஓடிச் சென்று விசாரித்துச் சொன்ன அந்தத் தம்பிக்கு அன்பளிப்பைக் கையில் கொடுப்பது இதிலிருந்து முற்றிலும் வேறான செயல். அதை நான் தவறாமல் செய்கிறேன்.

ஒன்பதாம் படி: மீந்தது

மீந்த பீட்சாவை அட்டைப் பெட்டியில் சூட்டோடு மூடினால் நீராவியில் நமத்துப்போகும். சற்று ஆறிய பின் மூடச் சொல்லுங்கள். வீட்டில் அதை மைக்ரோவேவில் வைக்காமல், தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் துண்டுகளை அடுக்கி, மூடி போட்டு மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். அடி மொறுமொறுப்பாகி, மேலிருக்கும் சீஸ் மீண்டும் உருகும். பாஸ்தாவை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்துக் கடாயில் கிளறலாம். இறுகிய ரிசோட்டோவைத் திரும்ப இளக்க முயலாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எலுமிச்சை அளவு உருட்டி, நடுவில் ஒரு துண்டுச் சீஸ் வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தெடுங்கள். சிசிலியில் அரஞ்சினி என்று பெயர் பெற்ற பலகாரம் ஏறத்தாழ இதுவே. எங்கள் வீட்டில் மாலைக் காபியோடு அம்மா முதலில் கேட்பதும் இதைத்தான்.